பாலம் கடந்த பால்

எல்லைப் பாலத்தில் நடந்து வருகிறவர்களுக்கான சோதனை வரிசைகளில் டெல்ஃபினா அரெடோண்டோ உட்கார்ந்திருந்த வரிசைதான் அப்போதெல்லாம் நீளம். பக்கத்துக் கூண்டில் அதிகாரி ஈ ஓட்டிக்கொண்டிருப்பான். ஆனாலும் ஜனங்கள் அவள் வரிசையை விட்டு நகர மாட்டார்கள். "அங்க காலியா இருக்கே, போங்களேன்" என்று நான் சொன்னால், "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல ஐயா" என்பார்கள். வியர்த்து ஒழுகிக்கொண்டே அப்படிச் சொல்வார்கள்.

நான் ஃபவுஸ்டோ. அதே பாலத்தில் கார் வரிசையில் வேலை பார்த்தவன். டெல்ஃபினாவும் நானும் ஒரே பயிற்சி முகாமிலிருந்து வந்தவர்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம், சான் ஃபெர்மினில் ஒரே தெருவில் வீடு. அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், எல் வாடோவில். அவள் அம்மா இந்தப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் துணி தேய்க்கும் வேலைக்கு அனுமதிச் சீட்டு வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மகளையும் கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டுவாள். ஒருநாள் கூண்டிலிருந்தவன் அம்மாவின் பின்னலை அவிழ்க்கச் சொன்னான். அத்தனை பேர் முன்னால் அவள் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு நின்றாள். அவன் பேனாவால் முடியைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். அம்மா நடந்துகொண்டே மறுபடி பின்னினாள்.

பயிற்சி முகாமில் "நீ எதுக்கு இந்த வேலைக்கு வந்தே?" என்று நான் கேட்டபோது இதைச் சொன்னாள். "கூண்டுக்கு உள்ள உட்கார்ந்து பாக்கணும்னு தோணிச்சு அண்ணே. வேற ஒண்ணுமில்ல."

கல்யாணம் செய்துகொண்டு இந்தப் பக்கம் வந்தாள். குடியுரிமை வாங்கினாள். லாரி ஓட்டப் போன கணவன் போன ஊரிலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மகனைத் தனியாக வளர்த்தாள். அவன் வடக்கே படிக்கப் போனதும் வீட்டில் அவளும் ஒரு கிளியும்தான்.

அவள் இளகிய மனசுக்காரி, கேட்காமல் விட்டுவிடுவாள் என்று நினைத்தால் தப்பு. ஒருமுறை ஒருவன் கலியாண கேக்கைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். "அக்கா மகளுக்குக் கலியாணம்மா, சீக்கிரம் விடுங்க, க்ரீம் உருகுது" என்றான். "நல்லா இருக்கட்டும். பொண்ணு பேரு என்ன?" என்றாள் இவள். அவன் யோசித்தான். அக்கா மகள் பேரை யோசிக்கிற மாமன் எங்கே இருக்கிறான்? கேக்கை வெட்டினால் உள்ளே அத்தனையும் மாத்திரைப் பொட்டலம். "நல்லவேளை, எனக்கு ஒரு துண்டு குடுன்னு கேக்கல" என்று அன்று சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்தாள்.

அவள் முதலில் முகத்தைப் பார்ப்பாள், பிறகு எல்லை தாண்டும் அட்டையைப் பார்ப்பாள். "எங்க போறீங்க?" என்று கேட்பதற்கு முன்னால் வணக்கம் சொல்வாள். பல் பிடுங்கப் போகிற கிழவனிடம், "நல்ல பல்லையும் சேத்துப் பிடுங்கிடப் போறான், பாத்து" என்பாள். "இருக்கறதே ஒண்ணுதான், அதுக்குத்தான் போறேன்" என்பான் அவன். வரிசை சிரிக்கும். அப்படித்தான் அந்த வரிசை நகர்ந்தது.

எல் வாடோவிலிருந்து இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு நிறையப் பிள்ளைகள் நடந்து வரும். வேலைக்குப் போகிற பெற்றோர்கள் பிள்ளைகளை ஒரு ஆளிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அப்படி ஒரு கூட்டத்தை எவரார்தோ என்கிறவன் கூட்டி வந்தான். பல வருஷம் வந்தான். வாத்துக்கூட்டம் மாதிரி நீலச் சட்டைப் பிள்ளைகள் முன்னால் போகும், அவன் பின்னால் எல்லோருடைய அட்டைகளையும் ஒரு ரப்பர் வளையத்தில் சுற்றிக்கொண்டு வருவான். டெல்ஃபினாவுக்குப் பாதிப் பிள்ளைகளின் பெயர் தெரியும்.

ஒரு குளிர்காலக் காலை. அன்று பனி, பிள்ளைகள் குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். எவரார்தோ கூண்டருகில் குனிந்து, "என் பொண்டாட்டி உங்களுக்கு சோளமாவுல தமாலே செஞ்சு அனுப்பினா. நான் வழியிலயே தின்னுட்டேன்" என்றான். டெல்ஃபினா சிரித்தாள். அட்டைகளை ஒவ்வொன்றாக இயந்திரத்தில் வைத்தாள். முகங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நடுவில் ஒரு பெண் குழந்தை, அட்டைகளிலிருந்த எந்தப் படத்துக்கும் பொருந்தாத குழந்தை, கடன் வாங்கின நீலச் சட்டையில் நடந்துபோனது தெரிந்திருக்கும்.

அந்தக் குழந்தை தெற்கே எங்கேயோ ஒரு ஊரிலிருந்து தூக்கிவரப்பட்டவள். இங்கிருந்து வெகு தூரத்தில், ஒரு வீட்டிலிருந்து போலீஸ் அவளை மீட்டபோது வசந்தம் வந்துவிட்டது. உயிரோடு இருந்தாள். பேசுவதை நிறுத்தியிருந்தாள். அவள் எந்த வழியாக வந்தாள் என்று பின்னோக்கித் தேடிக்கொண்டு வந்தவர்கள் எங்கள் பாலத்துக் கேமராவில் வந்து நின்றார்கள்.

டெல்ஃபினாவை அறைக்குள் கூப்பிட்டு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். சத்தம் இல்லாத படம். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். அந்தக் குழந்தை கூண்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறது.

"அவ என்னையப் பாக்கறா அண்ணே," என்று அன்று என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள். என் மனைவி வைத்த காபி அப்படியே ஆறிப்போனது. "நான் ஏதாச்சும் கேப்பேன்னு பாக்கறா. நான் தமாலே கதைக்குச் சிரிச்சிக்கிட்டு இருக்கேன்."

எவரார்தோவுக்குச் சிறை. டெல்ஃபினாவைச் சில வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திரும்பி வந்தவள் வேறு ஆளாக இருந்தாள்.

வணக்கம் சொல்வது நின்றுபோனது. தொப்பியைக் கழற்று, காதைக் காட்டு, எங்கே போகிறாய், யாரைப் பார்க்க, அவர்கள் என்ன வேலை, நம்பர் கொடு. இருபது வருஷமாகத் தேவாலயத்துக்குப் பூ கொண்டு வருகிற கிழவியிடமும் அதே கேள்விகள். பல் பிடுங்க வந்த கிழவன் மறுபடி வந்து, "இப்ப பல்செட்டு மாட்டப் போறேன் தாயி" என்றபோது, "டாக்டர் சீட்டு எங்கே?" என்றாள். அவன் முகம் சுருங்கிப்போனது. கொஞ்ச நாளில் அவள் வரிசை வெறிச்சோடியது. எல் வாடோ சந்தையில் அவளுக்குப் பெயர் வைத்தார்கள். "முள்ளுக்கம்பி இருக்கா இன்னிக்கு? அப்ப அந்தப் பக்கம் போயிரலாம்" என்று வரிசையில் பேசிக்கொள்வதை நானே கேட்டேன். நம் ஆளே நம்மை நிறுத்துகிறாள் என்பதில் அவர்களுக்கு இரட்டை எரிச்சல்.

"கொஞ்சம் தளர்த்துடி. ஜனங்க நொந்து போறாங்க" என்றேன்.

"தளர்த்தினேனே ஒரு தடவை" என்றாள்.



நோயெமி ரெண்டேரியா அவள் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றது அந்தக் கோடையில். முப்பது வயதுகூட ஆகாதவள். எல் வாடோ சந்தையில் பழைய துணிக் கடை போட்டிருந்தாள். இந்தப் பக்கத்துக் கிடங்குகளில் மூட்டை மூட்டையாக வரும் துணியில் நல்லதாகப் பொறுக்கி வாங்கிப்போக அவளுக்கு எல்லை அட்டை இருந்தது. ஒழுங்காக வந்து ஒழுங்காகத் திரும்பிப் போகிறவள். ஒருநாள் கிடங்கில் துணி பொறுக்கிக்கொண்டிருந்தபோதே வலி எடுத்துவிட்டது. பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்து சான் ஃபெர்மின் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது. பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்குகிற குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

நோயெமிக்கு எல் வாடோவில் இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள். கணவன் உபால்தோ அங்கே ஒயர் தொழிற்சாலையில் வேலை, அவனுக்கு அட்டை கிடையாது. அதனால் அவள் ராத்திரி வீட்டில் தாய்ப்பால் எடுத்து, பனிக்கட்டி போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து, காலையில் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போவாள். சாயங்காலம் திரும்புவாள். இப்படி ஏறக்குறைய இரண்டு வாரம். வேறு அதிகாரிகளின் வரிசையில் வந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்து, "போம்மா" என்று விட்டார்கள். அன்று மற்ற வரிசைகள் நிரம்பி வழிந்தன. டெல்ஃபினாவின் வரிசை காலியாக இருந்தது. பனிக்கட்டி உருகுகிறதே என்று அதில் வந்து நின்றாள்.

"பெட்டியில என்ன?"

"பால்ங்க. என்னோட பால்."

"குழந்தை எங்க?"

"இந்தப் பக்கம். ஆஸ்பத்திரில."

"நீ அந்தப் பக்கம், குழந்தை இந்தப் பக்கமா?"

"ஆமாங்க. கொறைமாசத்துல பொறந்திருச்சு. கெடங்குல இருக்கும்போதே…"

"கெடங்குல என்ன பண்ணினே? வேலையா?"

"இல்லீங்க, துணி வாங்க."

"வாங்கி?"

"விப்பேன்."

"எத்தனை நாளா தினமும் வர்றே?"

நோயெமிக்குப் பேச்சு குழறியது. சரியாகத் தூங்கி எவ்வளவு நாளாயிற்றோ. ஒரு தரம் பத்து நாள் என்றாள், இன்னொரு தரம் ஒரு மாசம் என்றாள். அவள் மணிக்கட்டில் ஆஸ்பத்திரி மாட்டிவிட்ட பிளாஸ்டிக் வளையம் இருந்தது. குழந்தைகள் பிரிவின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் அச்சாகியிருந்தன. டெல்ஃபினா அதைப் பார்த்தாள். பார்த்தேன், படிக்கவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். பதில் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்பது மட்டும்தான் அப்போது அவள் மனதில் ஓடியது. அந்த நீலச் சட்டைக் குழந்தைதான் கண் முன்னால் நின்றதாம். குழந்தை இல்லாத பால், பால் இல்லாத குழந்தை, எங்கேயோ எதுவோ சரியில்லை.

"உள்ள போ" என்றாள்.

உள்ளே என்றால் விசாரணை அறை. அங்கே அன்று ஹார்கிரோவ் இருந்தான். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கெட்டவன் இல்லை. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு அங்குலம் போக மாட்டான், கீழும் இறங்க மாட்டான். அட்டையைத் தவறாகப் பயன்படுத்தி வியாபாரம் செய்கிறாள், இந்தப் பக்கம் பிரசவிக்கத் திட்டமிட்டு வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினான். அட்டையை ரத்து செய்து அவளைத் திருப்பி அனுப்பினான். அவள் கத்திய கத்து கார் வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது. யாரோ என்னவோ என்று அடுத்த காரைப் பார்த்தேன். அந்தச் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்ட சத்தம்.

மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே போனபோது ஜன்னலோர மேசையில் ஒரு தெர்மாகோல் பெட்டி மூடி திறந்து கிடந்தது. வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே தண்ணீரில் குட்டிக் குட்டிப் பாட்டில்கள் மிதந்தன. துப்புரவுப் பெண் வந்து, "இத எடுத்துக் கொட்டிரலாமா?" என்று கேட்டாள். நாங்கள் சாப்பாட்டைப் பிரித்தோம். அவள் எடுத்துப் போனாள்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் தொலைபேசி அடித்தது. டெல்ஃபினாதான் எடுத்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து லூர்தெஸ் என்கிற நர்ஸ். பிலிப்பைன்ஸ்காரி. எங்கெங்கோ கூப்பிட்டு, யார் யாரோ மாற்றிவிட்டு, கடைசியில் இந்த அறைக்கு இணைப்பு வந்திருந்தது.

"ஒரு அம்மா தினமும் பாலம் தாண்டி வருவாங்க, நோயெமின்னு பேரு. நேத்திலிருந்து ஆளைக் காணோம். அவங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா? குழந்தைக்கு வச்சிருந்த பாலு இன்னிக்கு காலைலயோட தீந்துபோச்சு. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு டப்பாப் பால் கொடுத்தா குடல் தாங்காது. அவங்கள எங்கயாவது பாத்தீங்களா? யாரையாவது கேட்டுச் சொல்ல முடியுமா?"

"நான் பாத்தேன்" என்றாள் டெல்ஃபினா. "நான்தான் பாத்தேன்."

நேராக மேற்பார்வையாளர் லோசானோவிடம் போனாள். நானும் பின்னால் போனேன்.

"தப்பு நடந்துபோச்சு சார். அந்த அட்டைய திருப்பிக் கொடுத்துடணும்."

லோசானோ கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். "ரத்து பண்ணினது பண்ணினதுதான் டெல்ஃபினா. அவங்க தூதரகத்துல புதுசா விண்ணப்பிக்கணும். இல்லேன்னா அவசர அனுமதி கேக்கணும். நான் சிபாரிசு எழுதறேன். ஆனா அது மேல போயி வரணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு நிமிஷத்துல எடுத்தோமே சார்."

"எடுக்கறது நம்ம கைல இருக்கு. கொடுக்கறது நம்ம கைல இல்ல. உனக்குத் தெரியாததா? போன தடவை நீ சரியா பாக்கலன்னு உன்னத் தண்டிச்சாங்க. இந்தத் தடவை நீ பாத்தேன்னு யாரும் தண்டிக்க மாட்டாங்க. போய் வேலையைப் பாரு."

அன்று வேலை முடிந்ததும் சீருடையை மாற்றிக்கொண்டு அவள் பாலத்தின் மறுபக்கம் நடந்தாள். எல் வாடோ சந்தையில் நோயெமியின் கடையைத் தேடிப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. நடந்ததை எனக்கு டெல்ஃபினாவே சொன்னாள், ஒன்றையும் குறைக்காமல்.

நோயெமி அவளைச் சீருடை இல்லாமலும் அடையாளம் கண்டுகொண்டாள். கையிலிருந்த குழந்தைச் சட்டையைக் கீழே போட்டாள்.

"இங்க எதுக்குடி வந்தே? கடைக்கும் அட்டை கேக்க வந்தியா?"

"பாலு வாங்க வந்தேன்."

"என்னது?"

"நீ கொடு. நான் கொண்டு போறேன். எனக்கு தடை இல்ல. நர்ஸம்மாகிட்ட பேசிட்டேன்."

நோயெமி சிரித்தாளாம். சந்தையில் பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி. "பாத்தீங்களா, முள்ளுக்கம்பி பால்காரியாயிடுச்சு! என் புள்ள எப்படியிருக்கான்னுகூட எனக்குத் தெரியாது. அவ கண்ணத் திறந்தாளான்னு தெரியாது. உன் வீட்டுப் புள்ளையா இருந்தா இப்படிப் பெட்டியில வச்சு அனுப்புவியா? போடீ. உன் கையால ஒண்ணும் வேண்டாம்."

டெல்ஃபினா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. வெயில் சாய்ந்தது. கடைகளை மூட ஆரம்பித்தார்கள். தொழிற்சாலையிலிருந்து உபால்தோ வந்தான். விஷயத்தைக் கேட்டான். அவளை நேராகப் பார்க்காமல் பெண்டாட்டியிடம் பேசினான்.

"இவள எனக்கும் புடிக்கல. ஆனா குழந்தைக்கு யாரு கொண்டு வர்றான்னு தெரியவா போகுது? கொடு."

நோயெமி உள்ளே போனாள். திரும்பி வந்து பெட்டியைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். டெல்ஃபினா குனிந்து எடுத்துக்கொண்டாள்.

பாலத்தின் இந்தப் பக்கம் கூண்டில் ஹார்கிரோவ். இவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டான்.

"பெட்டியில என்ன?"

"பால்."

"யாரோட பால்?"

"நீ அட்டை பறிச்ச அந்தம்மாவோடது. நான் உள்ள அனுப்பின அந்தம்மாவோடது."

அவன் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "மன்னிக்கணும். விதிப்படி உள்ள போகணும்" என்றான். போனாள். மற்றவர்களை உட்கார வைக்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள். அரை மணிக்கு மேல் ஆயிற்று. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சூடு படாமல் தன் சட்டையால் மூடிக்கொண்டிருந்தாள்.

"அந்த நாற்காலி ரொம்ப தாழ்வு அண்ணே" என்றாள் மறுநாள். "அதுல உட்கார்ந்தா மேசைக்குப் பின்னாடி இருக்கறவங்க முகம் தெரியாது. கைதான் தெரியும். இத்தனை வருஷம் ஜனங்கள அங்க அனுப்பியிருக்கேன், ஒரு தடவைகூட உட்கார்ந்து பாக்கல."

அந்தப் பால் வந்து சேர்வதற்குள் குழந்தைக்கு டப்பாப் பால் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. கொஞ்சம்தான். லூர்தெஸ் பயந்த மாதிரியே குடல் வீங்கிவிட்டது. அது டப்பாப் பாலால்தான் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. குறைமாசக் குழந்தைக்கு எதுவும் வரலாம் என்றார்கள். வயிற்றைத் திறந்து குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அறுவைக்குச் சம்மதம் கேட்டு நோயெமியைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அவள் சந்தை நடுவில் நின்றுகொண்டு, சரி, சரி, சரி என்று சொன்னாள்.

கோடை முழுக்க டெல்ஃபினா பால் சுமந்தாள். வேலை முடிந்து அந்தப் பக்கம் போவாள், பெட்டியோடு இந்தப் பக்கம் வருவாள், ஆஸ்பத்திரிக்குப் போய் லூர்தெஸிடம் கொடுப்பாள். குழந்தையைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்க்க லூர்தெஸ் கூப்பிட்டாள். இவள் போகவில்லை. "அவ அம்மாவே பாக்கல. நான் யாரு பாக்க?" என்றாள். லூர்தெஸ் சொல்கிற செய்தியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு மறுநாள் சந்தையில் ஒப்பிப்பாள். எடை கூடியிருக்கிறது, குழாய் ஒன்றை எடுத்துவிட்டார்கள், விரலைப் பிடிக்கிறாள். நோயெமி துணியை மடித்துக்கொண்டே கேட்பாள். பதில் பேச மாட்டாள். ஒருநாள் மட்டும், "மச்சம் இருக்கா, இடது காதுக்குக் கீழ?" என்று கேட்டாள். டெல்ஃபினாவுக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். இருக்கிறது. குழந்தைக்கு ரொமினா என்று பெயர் வைத்திருந்தார்கள், தகப்பனின் அம்மா பெயர்.

இதற்கிடையில் மேலே புகார் போனது. விசாரிக்கப்பட்ட பயணியோடு அதிகாரி வெளியில் தொடர்பு வைப்பது விதிமீறல். யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும், ஹார்கிரோவ் இல்லை. மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். துணைக்கு ஒரு ஆள் வரலாம் என்றதால் நான் போனேன்.

நடுவில் இருந்த அம்மாள் மரியாதையாகத்தான் கேட்டார். "போன குளிர்காலத்துல நீங்க சரியா சோதிக்கலன்னு ஒரு நடவடிக்கை. இப்ப அதிகமா சோதிச்சிட்டேன்னு நீங்களே வந்து சொல்றீங்க. நாங்க உங்கள என்னன்னு எடுத்துக்கறது?"

டெல்ஃபினா சொன்னாள். "அந்தக் குழந்தையும் என் வரிசைலதான் வந்தா. இந்த அம்மாவும் என் வரிசைலதான் வந்தாங்க. சோதிக்க வேண்டாம்னு நான் சொல்லலம்மா. அந்தக் குழந்தைய நெனச்சா எப்படிச் சொல்வேன்? ஆனா இந்தம்மா கையில ஆஸ்பத்திரி நம்பர் கட்டியிருந்துச்சு. ஒரு போன். அதுக்குப் பேருதான் சோதனை. நான் பண்ணினது அது இல்ல. பயந்து போய் தள்ளிவிட்டேன். அவ்வளவுதான்."

எழுதிக்கொண்டார்கள்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. சரக்கு லாரிகள் நிற்கும் மைதானத்துக்கு மாற்றினார்கள். லோசானோ தன் அதிகாரத்துக்கு உட்பட்டு ஒரு காரியம் செய்தார். மருத்துவம் என்று யாராவது சொன்னால், ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுக் கேட்காமல் அட்டையை ரத்து செய்யக்கூடாது என்று சுவரில் ஒட்டினார். அவர் இருந்தவரை அது நடந்தது. அவர் ஓய்வு பெற்றார். பிறகு சுவருக்கு வர்ணம் அடித்தார்கள்.

நோயெமிக்கு அவசர அனுமதி வரவே இல்லை. இன்னும் ஒரு தாள் வேண்டும், இன்னும் ஒரு தாள் வேண்டும் என்று இழுத்தது. அதற்குள் குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ரொமினா இங்கே பிறந்ததால் இந்த நாட்டுக் குடிமகள். எந்தக் கூண்டிலும் யாரும் அவளை நிறுத்த முடியாது. அம்மா மட்டும்தான் வர முடியாது.

அதனால் பாலத்தின் நடுவில் கொடுப்பது என்று ஏற்பாடு. இரண்டு நாட்டுக்கும் எல்லையைக் காட்டுகிற பித்தளைத் தகடு அங்கே இருக்கிறது. லூர்தெஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். குழந்தையின் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு டெல்ஃபினா. நானும் லோசானோவும் கொஞ்சம் தள்ளி. அந்தப் பக்கத்தில் நோயெமியும் உபால்தோவும் பிள்ளைகளும் தகட்டுக்கு அப்பால் நின்றிருந்தார்கள். நடந்துபோகிறவர்கள் எங்களை ஒதுங்கிக் கடந்து போனார்கள்.

நோயெமி குழந்தையை வாங்கினாள். முத்தம் கொடுக்கவில்லை. அழவும் இல்லை. அங்கேயே, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, துணியை ஒவ்வொன்றாக விலக்கினாள். சட்டையைத் தூக்கி வயிற்றிலிருந்த தழும்பைப் பார்த்தாள். விரலால் அதன் நீளத்துக்குத் தடவினாள். காதுக்குக் கீழே மச்சத்தைப் பார்த்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. மார்போடு அணைத்தாள். அழுகை இன்னும் பெரிதாயிற்று. குழந்தை லூர்தெஸ் இருந்த பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பி அழுதது. லூர்தெஸ் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பழகிரும்" என்றான் உபால்தோ. யாருக்குச் சொன்னானோ.

டெல்ஃபினா பையைத் தகட்டுக்கு அந்தப் பக்கமாக நீட்டினாள். நோயெமி அவளைப் பார்த்தாள்.

"நீ தூக்கிட்டு வந்தது எனக்குத் தெரியும். தெனமும் வந்தே. மழையில வந்தே. நன்றி சொல்லணும்னுதான் காலைலேர்ந்து நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள். "வரமாட்டேங்குது."

"வேண்டாம்" என்றாள் டெல்ஃபினா.

அவர்கள் எல் வாடோ பக்கம் இறங்கிப் போனார்கள். பாலம் முடிகிறவரை அந்த அழுகை கேட்டது.

இதெல்லாம் நடந்து சில வருஷமாகிறது. நோயெமிக்குப் புது அட்டை ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. மீண்டும் துணி வாங்க வருகிறாள். குழந்தையை மட்டும் இந்தப் பக்கம் கூட்டி வருவதில்லை. ஏன் என்று கார் வரிசையிலிருந்த நான் ஒருநாள் கேட்டேன். "அவள எதுக்கு இங்க?" என்றாள். அந்த நீலச் சட்டைக் குழந்தையைத் தெற்கே அதன் சொந்த ஊருக்கே அனுப்பிவிட்டார்களாம். பேசினாளா என்று டெல்ஃபினா விசாரித்துப் பார்த்தாள். அந்தத் தகவல் எல்லாம் சொல்ல முடியாது என்றார்கள்.

சரக்கு மைதானத்தில் டெல்ஃபினாவுக்கு வெங்காய லாரிகள். மூட்டையில் கம்பி குத்திப் பார்ப்பது, எடை பார்ப்பது. உடம்பெல்லாம் நாற்றம். "வெங்காயம் பரவாயில்ல அண்ணே. சந்தேகப்பட்டு ரெண்டு மணி நேரம் நிறுத்தினாலும் அதுக்கு வீட்டுல யாரும் காத்திருக்க மாட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு கண் வரைக்கும் போகாது.

போன வருஷம் நடை வரிசையில் ஆள் பற்றாக்குறை. புதிதாக வந்த மேற்பார்வையாளர், பழைய கதை ஒன்றும் தெரியாதவர், அவளைத் திரும்பக் கூப்பிட்டார். கூண்டில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது ஒரு இளம் பையன். கல்லூரி அட்டை, எல்லை அட்டை இரண்டையும் நீட்டினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். "எங்க போறே?" என்றாள். சொன்னான். சரியாகத்தான் சொன்னான். முத்திரையைக் கையில் எடுத்தாள். விடவும் முடியவில்லை, உள்ளே அனுப்பவும் முடியவில்லை. பையன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றான். பின்னால் வரிசை வளர்ந்தது. "என்னம்மா, தூங்கிட்டியா?" என்று யாரோ ஒருவன் கத்தினான்.

அந்தப் பையனைப் போக விட்டாள். அன்றைய வேலை நேரம் முழுவதும் உட்கார்ந்தாள். ஒவ்வொருவருக்கும் அவ்வளவு நேரமாயிற்று. ஜனங்கள் அவள் காதுபடத் திட்டிக்கொண்டே போனார்கள். மாலையில் வந்து மேற்பார்வையாளரிடம், என்னை மைதானத்துக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

அனுப்பினார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.